அப்பா பிரிச்சுப் பார்த்த கவரும் ஆறு ரிஜெக்‌ஷனும்: என் ஏபிஎஸ்என் அனுபவம்

போன வியாழக்கிழமை நர்சிங் கோர்ஸ்ல சீட் கன்ஃபர்ம் ஆச்சு, டெபாசிட்டும் கட்டியாச்சு. இன்னும் முழுசா நம்ப முடியல. இதுக்கு முன்னாடி ஆறு காலேஜ் வேணாம்னு சொன்னாங்க, அதுல முதல் மூணுக்கு ராத்திரி ராத்திரி உக்காந்து அழுதேன், ஆனா அதுல ஒரு காலேஜ் என் ஃபைலைத் திறந்தே பார்க்கலங்கற விஷயம் எனக்கு ரெண்டு மாசம் கழிச்சு தான் தெரிஞ்சது. அதை யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். அதனால தான் எழுதறேன்.

என் நிலைமை: நியூ ஜெர்சி, வீட்டுக்காரரோட வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசா, வேலை பார்க்க இஏடி பெர்மிட், ரெண்டு பசங்க, 2008ல ஊர்ல முடிச்ச பி.எஸ்சி மைக்ரோபயாலஜி. வேற டிகிரி வச்சிருக்கறவங்க 12ல இருந்து 18 மாசத்துக்குள்ள பிஎஸ்என்ங்கற நர்சிங் டிகிரி முடிச்சு, என்க்ளெக்ஸ்ங்கற நர்ஸ் லைசென்ஸ் எக்ஸாம் எழுதற கோர்ஸ் தான் இந்த ஏபிஎஸ்என்.

ப்ரீரெக், அதாவது சேர்றதுக்கு முன்னாடி படிச்சிருக்க வேண்டிய பாடம் எல்லாம் கம்யூனிட்டி காலேஜ்ல ஈவ்னிங் கிளாஸ்ல முடிச்சேன். அனாடமி பிசியாலஜி ரெண்டு பார்ட், கெமிஸ்ட்ரி, ஸ்டாட்ஸ், டெவலப்மெண்டல் சைக்காலஜி, நியூட்ரிஷன், எல்லாம் ஒழுங்காப் போச்சு. ஒரே வருத்தம் மைக்ரோபயாலஜி. மூணு வருஷம் அதையே மெயினா எடுத்துப் படிச்சவ நான், ஆனா சயின்ஸ் பாடம் எல்லாம் 5 வருஷம் இல்லேன்னா 7 வருஷத்துக்குள்ள படிச்சதா இருக்கணும்னு நிறைய காலேஜ்ல ரூல் இருக்கு, என்னோடது 14 வருஷம் பழசு. சிலபஸ் அனுப்பி, மெயில் மேல மெயில் போட்டு, ஒரு மாசம் வாதாடினேன். கடைசில காலேஜ் லேப்ல பண்ண அதே கிராம் ஸ்டெய்ன் டெஸ்டை மறுபடியும் முதல்ல இருந்து பண்ணேன். நீங்க வாதாடாம உடனே ரிஜிஸ்டர் பண்ணிடுங்க, அந்த ஒரு மாசத்துல நான் அந்த செமஸ்டர் சீட்டையே விட்டுட்டேன்.

இப்ப டிரான்ஸ்கிரிப்ட் கதை. வெளிநாட்டு டிகிரின்னா, ஒவ்வொரு பாடத்தையும் அமெரிக்கக் கணக்குக்கு மாத்திச் சொல்ற கோர்ஸ்-பை-கோர்ஸ் எவாலுவேஷன் ரிப்போர்ட் வேணும், அதுக்கு நாம படிச்ச யூனிவர்சிட்டியில இருந்து சீல் வச்ச கவர்ல டிரான்ஸ்கிரிப்ட் போகணும். நான் இங்க, அப்பா கோபியில. அவருக்கு வயசு 68. முதல் தடவை போனப்ப டிடி எடுத்துட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை டிடியோட போனா எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட் ஜெராக்ஸும் வேணுமாம், இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் இல்லையா, அதுல மூணாவது செமஸ்டர் ஷீட் மட்டும் காணோம், அம்மா பீரோவைத் தலைகீழாப் புரட்டிப் பழைய பட்டுச்சேலை டப்பாவுக்கு அடியில இருந்து எடுத்தாங்க. மூணாவது தடவை, கையெழுத்துப் போடறவங்க லீவு, திங்கக்கிழமை வாங்க. ஒவ்வொரு தடவையும் விடிகாலையில பஸ் ஏறி இருட்டினப்புறம் தான் அப்பா வீடு திரும்பினாரு. ஒரு வார்த்தை சலிச்சுக்கல.

நாலாவது தடவை கவர் கைக்கு வந்துச்சு. நீங்களே கூரியர் பண்ணிக்கோங்கன்னு கொடுத்திருக்காங்க. அப்பா வீட்டுக்கு வந்ததும், இவ்வளவு அலைஞ்சு வாங்கினதுல புள்ளை பேரு தப்பா இருந்துட்டா என்ன பண்றதுன்னு, கவரைப் பிரிச்சுப் பார்த்துட்டாரு. பேரு சரியாத் தான் இருந்துச்சு. பிரிச்ச கவர் செல்லாது. போன்ல "எல்லாம் சரியா இருக்குது கண்ணு, நானே பார்த்துட்டேன்"னு அவ்வளவு சந்தோஷமா சொன்னாரு, எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு. இன்னொரு டிடி, இன்னொரு பயணம், இன்னும் அஞ்சு வாரம். இன்னொரு காப்பி கேட்கறாங்கப்பான்னு மட்டும் தான் சொன்னேன். ஊர்ல உங்களுக்காக யாரு போறாங்களோ அவங்ககிட்ட கவரைப் பிரிக்கக் கூடாதுன்னு தயவுசெஞ்சு முதல்லயே சொல்லிடுங்க. ரெண்டு மூணு செட்டா சேர்த்து வாங்கச் சொல்லுங்க.

பேரு விஷயமும் இருக்கு. மார்க்‌ஷீட்ல எனக்கு ஒரு எழுத்து இனிஷியல். பழைய பாஸ்போர்ட்ல அதை விரிச்சு அப்பா பேரு சர்நேம். கல்யாணத்துக்கு அப்புறம் இவர் பேரு சர்நேம். ஆக ஒரே ஆளுக்கு மூணு பேரு. நிறைய நர்சிங் காலேஜுக்குப் பொதுவா இருக்கற நர்சிங்கேஸ் ஆன்லைன் அப்ளிகேஷன்ல உங்க சர்டிஃபிகேட் வேற பேர்ல இருக்கான்னு ஒரு கேள்வி வரும், அவசரத்துல தாண்டிப் போயிடாதீங்க, இனிஷியல் வர்ற பேரு உட்பட எல்லாத்தையும் அதுல எழுதுங்க. நான் எழுதல. என்னோட எவாலுவேஷன் ரிப்போர்ட் வந்தும் என் ஃபைலோட சேராம தனியாக் கிடந்துச்சு.

இங்க தான் நான் பண்ண பெரிய தப்பு. டெட்லைனுக்கு ரெண்டு நாள் முன்னாடி சப்மிட் பட்டனை அழுத்திட்டு, முடிஞ்சதுன்னு நிம்மதியாத் தூங்கினேன். சப்மிட் ஆகறது வேற, எல்லா பேப்பரும் வந்து கம்ப்ளீட் ஆகறது வேற, அவங்க ஒவ்வொரு கோர்ஸையும் சரிபார்த்து வெரிஃபைட்னு போடறது வேற. இந்த வெரிஃபிகேஷனுக்கே வாரக்கணக்கில ஆகும். சில காலேஜ் டெட்லைன்னு சொல்றது சப்மிட் தேதி, சில காலேஜ் சொல்றது வெரிஃபைட் தேதி. காலேஜ் வெப்சைட்ல அந்த ஒரு வார்த்தையைத் தேடிப் படிங்க. டெட்லைனுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே சப்மிட் பண்ணுங்க, அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

முதல் ரவுண்டு 2023ல மூணு காலேஜ். மூணும் போச்சு. மூணாவது மெயில் வந்தப்ப சின்னவளை ஸ்கூல் பஸ்ல இருந்து கூட்டிட்டு வர நின்னுட்டிருந்தேன், பஸ் வந்ததே எனக்குத் தெரியல, அவ தான் கையைப் பிடிச்சு இழுத்தா. மூணு மெயிலும் ஒரே மாதிரி, தகுதியான விண்ணப்பங்கள் நிறைய வந்தது, வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். அந்த வருஷம் தமிழ்ச் சங்கப் பொங்கலுக்குப் போகல. என்ன ஆச்சு காலேஜ்னு நாலு பேரு கேட்பாங்க. ஒரு ஃப்ரெண்ட் "இந்த வயசுல இது தேவையா, ஐடில ஏதாச்சும் டெஸ்டிங் கோர்ஸ் பண்ணேன்"னு சொன்னா, நல்லதுக்குத் தான் சொன்னா, ஆனா அந்த வாரம் முழுக்க அது உள்ளுக்குள்ள அறுத்துட்டே இருந்துச்சு. அம்மாகிட்ட பத்து நாள் மறைச்சேன். சொன்னதும் "போச்சாது விடு கண்ணு, சாப்டியா"ன்னு கேட்டாங்க. அவ்வளவு தான் கேட்டாங்க, அன்னிக்குத் தான் நான் ஒழுங்கா சாப்பிட்டேன்.

இவரு தான் சொன்னாரு, ஏன் வேணாம்னு சொன்னாங்கன்னு அவங்களையே கேளுன்னு. எனக்குக் கூச்சம், கெஞ்சற மாதிரி இருக்குமேன்னு தள்ளிப் போட்டேன், ரெண்டு மாசம் கழிச்சுத் தான் மெயில் போட்டேன். ஒரு காலேஜ் பதிலே போடல. இன்னொரு காலேஜ்ல போன் பண்ணி நேரடியா சொன்னாங்க, டெட்லைன் அன்னிக்கு உங்க ஃபைல் இன்கம்ப்ளீட், அதனால கமிட்டி கிட்ட போகவே இல்லன்னு. போனை வச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். நான் எதுக்கும் லாயக்கில்லன்னு ரெண்டு மாசமா என்னை நானே திட்டிட்டிருந்தேன், அங்க என் மார்க்கை ஒருத்தரும் பார்க்கவே இல்ல. அப்படி ஒரு கோவம் வந்துச்சு. ஆனா அந்தக் கோவத்துல தான் மறுபடியும் எழுந்தேன்.

மூணாவது காலேஜ்ல அட்மிஷன் கோஆர்டினேட்டர் ஒரு அம்மா பத்து நிமிஷம் ஒதுக்கி என் பாயிண்ட் ஷீட்டைப் பார்த்தே சொன்னாங்க. அவங்ககிட்ட கணக்கு இருக்கு: சயின்ஸ் ஜிபிஏக்கு இவ்வளவு, டீஸ்ங்கற நுழைவுத் தேர்வு மார்க்குக்கு இவ்வளவு, ஹெல்த்கேர் அனுபவத்துக்கு இவ்வளவு. என்னோட டீஸ் 74.7, அனாடமி பார்ட் 2ல பி கிரேடு, ஹெல்த்கேர் அனுபவம் பூஜ்யம். கட்டாஃபுக்கு நாலு பாயிண்ட் குறைவு. நாலே நாலு பாயிண்ட். அது கேட்டப்ப வலிக்கல, நிம்மதியா இருந்துச்சு, நாலு பாயிண்ட்னா தேடிச் சம்பாதிக்கலாமே. எல்லா காலேஜும் இப்படிப் பாயிண்ட் போட்டுப் பார்க்கறதில்ல, ஆனா கேட்டுப் பாருங்க. நான் ரிஜெக்ட் ஆனப்புறம் கேட்டதை நீங்க அப்ளை பண்றதுக்கு முன்னாடியே கேளுங்க.

அந்த சமயத்துல படிச்ச ஒரு தகவல் எனக்கு ரொம்ப ஆறுதல். அமெரிக்க நர்சிங் காலேஜ்களோட சங்கம் ஏஏசிஎன் கணக்குப்படி 2021ல மட்டும் நாடு முழுக்க 91,938 தகுதியான விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியிருக்காங்க. ஒரே ஆளு பல காலேஜுக்குப் போடறதால இது ஆள் கணக்கு இல்ல, விண்ணப்பக் கணக்கு. காரணம் சொல்லித் தர ஆசிரியர் பத்தல, கிளினிக்கல்னு சொல்ற நேரடிப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில இடம் பத்தல. ஆஸ்பத்திரியில நர்ஸ் இல்ல நர்ஸ் இல்லன்னு சொல்ற நாட்டுல தான் இது நடக்குது.

ரெண்டாவது ரவுண்டுக்கு டீஸ் மறுபடியும் எழுதினேன், 84. 170 கேள்வி, 209 நிமிஷம், அதுல இங்கிலீஷ் பகுதி 37 கேள்விக்கு 37 நிமிஷம் தான், நமக்கு அது தான் இடிக்கும், டைமர் வச்சுப் பழகுங்க. ஒண்ணு ஞாபகம் வைங்க, வருஷத்துக்கு எத்தனை தடவை எழுதலாம், எந்த மார்க்கை எடுத்துப்பாங்கங்கறது காலேஜுக்குக் காலேஜ் மாறும், சும்மா ஒரு ட்ரையல் பார்க்கலாம்னு போய் எழுதிடாதீங்க.

அனுபவத்துக்கு சிஎன்ஏ, அதாவது நர்ஸுக்கு உதவியாளர் வேலை. நியூ ஜெர்சியில 90 மணி நேரம் ட்ரெய்னிங், அப்புறம் எக்ஸாம். ஒரு நர்சிங் ஹோம்ல வாரத்துக்கு ரெண்டு நைட் ஷிஃப்ட் சேர்ந்தேன். பாயிண்டுக்காகத் தான் போனேன், மறைக்கல. முதல் வாரம் இடுப்பு ஒடிஞ்சு போச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா படுத்த படுக்கையா இருக்கறவங்களைப் புரட்டி விடணும், துடைக்கணும், டயப்பர் மாத்தணும், விடிகாலையில பிபி பார்த்து எழுதணும். அங்க ஒரு சேச்சி, கோட்டயம் பக்கம், 20 வருஷமா இங்க ஆர்என், அதாவது லைசென்ஸ் வாங்கின நர்ஸ். நாலாவது ரிஜெக்‌ஷன் மெயிலை நான் பிரேக் ரூம்ல தான் படிச்சேன். அவங்க எதுவும் கேட்கல, டீயை என் முன்னாடி வச்சுட்டு, "மோளே, நான் என்க்ளெக்ஸ் மூணாவது தடவை தான் பாஸ் பண்ணேன், இங்க யாருக்கும் தெரியாது"ன்னு தமிழும் மலையாளமும் கலந்து சொன்னாங்க. அப்புறம் 12ஆம் ரூம் பெல் அடிச்சுது, எழுந்து போனோம். அந்த ரூம் பாட்டி என்னை அவங்க பொண்ணுன்னு நினைச்சுக் கையை விடவே மாட்டாங்க. இந்த வேலை தான் எனக்கு வேணும்னு எனக்கே உறுதியானது அந்த ரூம்ல தான், இதையே மாத்தாம அப்ளிகேஷன் கட்டுரையில எழுதினேன். முதல் தடவை எழுதின கட்டுரையில சேவை மனப்பான்மைன்னு பொதுவா ரெண்டு பக்கம் எழுதி வச்சிருந்தேன், இப்ப படிச்சா அதுல நானே இல்ல.

ரெண்டாவது ரவுண்டு நாலு காலேஜ், மூணு ரிஜெக்‌ஷன், ஒண்ணு வெயிட்லிஸ்ட். வெயிட்லிஸ்ட்னா முடிஞ்சுதுன்னு விட்டுடாதீங்க. இன்னும் விருப்பம் இருக்குன்னு ஒரு சின்ன மெயில், புது டீஸ் மார்க், சிஎன்ஏ மணிக்கணக்கு எல்லாம் சேர்த்து அனுப்பினேன். ஏழு வாரம் சத்தமே இல்ல. திடீர்னு போன், ஒரு சீட் காலியாயிருக்கு, 48 மணி நேரத்துல டெபாசிட் கட்டணும்னு. பணத்தைத் தயாரா வச்சிருங்க. எச்4க்கு ஃபெடரல் லோன் கிடையாது, தனியார் லோனுக்கு பெரும்பாலும் சிட்டிசனோ கிரீன் கார்டோ வச்சிருக்கற ஒருத்தர் கோ-சைன், அதாவது ஜாமீன் கையெழுத்துப் போடணும், அந்த ஆளை முன்னாடியே கேட்டு வைங்க. கிரீன் கார்டு இருக்கறவங்களுக்கு ஃபெடரல் லோன் உண்டு, ஆனா பெல் கிராண்ட்ங்கற அரசு உதவித்தொகை வராது, அது முதல் டிகிரிக்குத் தான், ஊர்ல வாங்கின டிகிரியையும் முதல் டிகிரியாத் தான் எடுத்துப்பாங்க.

எங்கயுமே கிடைக்கலேன்னா கம்யூனிட்டி காலேஜ்ல ஏடிஎன்ங்கற சின்ன நர்சிங் டிகிரியில சேர்றதா முடிவு பண்ணி வச்சிருந்தேன். அதே என்க்ளெக்ஸ், அதே ஆர்என் லைசென்ஸ், பிஎஸ்என் பின்னாடி பண்ணிக்கலாம், செலவும் ரொம்பக் குறைவு. அதைக் கேவலமா நினைக்காதீங்க. அவசரத்துல எது கிடைச்சாலும் சரின்னு சேரவும் கூடாது, நர்சிங் கோர்ஸுக்கு அங்கீகாரம் தர்ற அமைப்புகளான சிசிஎன்இ இல்லேன்னா ஏசென் அக்ரெடிட்டேஷன் இருக்கான்னு பாருங்க, என்க்ளெக்ஸ் பாஸ் பர்சன்டேஜும் பாருங்க.

இப்ப ஹெல்த் ஃபார்ம் நடந்துட்டிருக்கு. டிபி டெஸ்டுக்குத் தோல்ல ஊசி போடறதை வேணாம்னு சொல்லி, க்வாண்டிஃபெரான் ரத்த டெஸ்ட் கேளுங்க. நமக்கெல்லாம் சின்ன வயசுல போட்ட பிசிஜி தடுப்பூசியால தோல் டெஸ்ட் பாசிட்டிவ்னு காட்ட வாய்ப்பு இருக்கு, அப்புறம் எக்ஸ்ரே அது இதுன்னு அலையணும். எனக்கு டிபி, தட்டம்மை, சின்னம்மை எல்லாம் சரியா வந்துச்சு, ஹெபடைடிஸ் பி மட்டும் எதிர்ப்புச் சக்தி இல்லன்னு வந்திருக்கு. வழக்கமான மூணு டோஸ்னா ஆறு மாசம் இழுக்கும், கிளினிக்கல் அதுக்குள்ள ஆரம்பிச்சுடும். ஒரு மாச இடைவெளியில ரெண்டே டோஸ்ல முடியற தடுப்பூசியும் இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டு அதைப் போட்டுக்கிட்டேன். முதல் டோஸ் நேத்து, கை இன்னும் வலிக்குது. ரெண்டாவது அடுத்த மாசம் 14ஆம் தேதி.