ஹீட்டர் ஓடும் அறையில் நீர்வண்ணம்

குளிர்நாட்டுக்குக் குடிவந்த முதல் பனிக்காலத்தில் நீர்வண்ணம் பழகத் தொடங்குகிறவர்கள் பலர் ஒரே இடத்தில் சோர்ந்துபோகிறார்கள். வானத்துக்கு நீலம் பூசி முடிப்பதற்குள் மேல்பாதி காய்ந்து, நடுவே கோடு விழுந்துவிடுகிறது. தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். குறை பெரும்பாலும் காற்றில் இருக்கிறது. 0 டிகிரியில் ஈரம் நிறைந்த வெளிக்காற்று வீட்டுக்குள் 20 டிகிரிக்குச் சூடேறும்போது அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 26 சதவீதத்துக்கு இறங்கிவிடும். புழுக்கமான ஊரில் இருப்பவர் நிதானமாகப் பூசும் அதே வானத்தை இங்கே விரைந்து முடித்தாக வேண்டும்.

எனவே மேசையை ஹீட்டரை விட்டுத் தள்ளிப் போடுங்கள். தாளின் இரு பக்கமும் தண்ணீர் தடவி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, வழவழப்பான பிளாஸ்டிக் பலகையில் படிய ஒட்டுங்கள். அடிப்பக்க ஈரம் மேல்பக்கத்தை நெடுநேரம் காயவிடாது. பூசத் தொடங்கும் முன்பே வண்ணத்தைத் தேவைக்கு இரு மடங்காகக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்திக் கலக்கப் போனால் கோடு நிச்சயம். பலகையின் மேல்விளிம்பைச் சற்றே உயர்த்தினால் தூரிகையால் குறுக்கே இழுக்கும் ஒவ்வொரு பட்டையின் கீழும் நீர் திரண்டு நிற்கும். அடுத்த பட்டை அந்தத் திரட்சியைத் தொட்டு இழுக்க வேண்டும்.

காசு செலவழிக்க வேண்டிய பொருள் காகிதம்தான். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), முழுப் பருத்தி, கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்புள்ள தாள்). மரக்கூழ்த் தாளில் ஈரம் சீராகப் பரவாது. இரண்டு முறை தேய்த்தாலே மேற்பரப்பு பஞ்சு பஞ்சாக எழும்பும். தூரிகை ஒன்றே போதும்: நுனி கூராக நிற்கும் 8ஆம் எண் உருண்டைத் தூரிகை, செயற்கை மயிரானாலும் சரி. தண்ணீருக்கு இரண்டு கிண்ணம், ஒன்று கழுவ, மற்றது சுத்தமாகத் தொட.

நிறமும் மூன்றே. அல்ட்ராமரின் நீலம், குயினாக்ரிடோன் ரோஜா, பளிச்சென்ற ஒரு மஞ்சள். டியூபில் ஒற்றை நிறமி எண் (உள்ளே உள்ள நிறப்பொருளைக் குறிக்கும் குறியீடு) மட்டும் அச்சிட்டிருப்பதை எடுத்தால் கலவை சேறாகும் வாய்ப்பு குறைவு. நான்காவதாக பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சேர்க்கலாம். அல்ட்ராமரினோடு கலந்தால் பனிக்கால வானத்துக்கும் இலையுதிர்ந்த மரத்துக்கும் வேண்டிய சாம்பல் கிடைக்கும். பிஆர் 83 என்ற எண்ணுள்ள அலிஸாரின் சிவப்பை வாங்காதீர்கள், வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

இனி, எதைவிடவும் முக்கியமானது: தாளைச் சாய்த்துப் பார்க்கும் பழக்கம். கண்ணாடிபோல் மின்னினால் வண்ணம் தானாக ஓடும். மினுக்கம் பட்டுத்துணிபோல் மங்கினால், ஓரம் மென்மையாகக் கரையும் வடிவங்களை இடலாம், ஆனால் தாளில் உள்ளதைவிடக் கெட்டியான வண்ணத்தால். மினுக்கமே போய், புறங்கைக்கு மட்டும் குளிர்ந்தால் தூரிகையைக் கீழே வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் சொட்டும் நீர் பாதி படிந்த நிறமியை வெளியே தள்ளிக்கொண்டு போய், காலிஃபிளவர் பூப்போல ஓரம் கட்டிவிடும். துடைத்துச் சரிசெய்யப் போனால் கறை பெரிதாகும். முழுக்கக் காயவிட்டு, மேலே இன்னொரு மெல்லிய பூச்சு இடுவதே வழி. வறண்ட அறையில் இந்த மூன்று நிலைகளும் சடுதியில் கடந்துவிடுவதால், சிறு துண்டுத் தாள்களில் கடிகாரம் வைத்துப் பார்த்து, உங்கள் அறைக்கான நிமிடக்கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் கணக்கு மாறும்.

நான்கு மணிக்கே இருட்டும் மாதங்களில் வரவேற்பறை விளக்கின் மஞ்சளொளியில் வெளிர்மஞ்சள் பூச்சு கண்ணுக்கே தெரியாது. அளவுக்கு மீறிப் பூசிவிடுவீர்கள். 5000 கெல்வின், நிறத்துல்லியம் (சிஆர்ஐ) 90க்கு மேல் என்று குறித்த எல்இடி பல்பை மேசைவிளக்கில் மாட்டுங்கள். அதன் கீழும் நிறத்தைக் கொஞ்சம் அழுத்தமாகவே வையுங்கள், காய்ந்தால் ஒரு படி வெளிறும்.