ஜாகுவார் மார்க் 2: டாஷ்போர்டு சுவிட்சுக்குக் கட்டுப்படியாகும் மாற்று

1959 முதல் 1967 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் உருவான ஜாகுவார் மார்க் 2 காரில் கண் முதலில் போய் நிற்பது டாஷ்போர்டின் நடுவில்தான். வால்நட் மரத்துக்கு நடுவே கருப்புப் பேனல், அதன் கீழ்ப்பக்கம் வரிசையாக டாகிள் சுவிட்சுகள் (மேலும் கீழும் தட்டும் குச்சிச் சுவிட்சுகள்). அதில் ஒன்று வேலை செய்யாமல் போய், காரின் பெயரைச் சொல்லித் தேடினால் யானை விலை குதிரை விலை சொல்வார்கள். ஆனால் அந்தச் சுவிட்ச் ஜாகுவார் செய்ததே இல்லை. பர்மிங்ஹாமின் லூகாஸ் செய்தது. (1961இல் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து சென்னைக்கு வந்த அதே லூகாஸ்தான்.) அந்தக் கால மினி, எம்ஜி கார்களுக்கும் டாகிள் சுவிட்ச் கொடுத்தது லூகாஸ்தான். எனவே தேட வேண்டியது காரின் பெயரை அல்ல, சுவிட்சின் உடலில் அச்சடித்திருக்கும் லூகாஸ் எண்ணை.

வாங்குவதற்கு முன் சுவிட்ச் நிஜமாகவே கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சுவிட்சைப் போட்டு, விளக்கோ மோட்டாரோ ஓடும்போது சுவிட்சின் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே அளவெடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சுவிட்சைக் குறை சொல்ல முடியாது, எர்த்தை (காரின் உடலோடு சேரும் இணைப்பை) பாருங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால், உள்ளே ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் கடத்தும் காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது. 5 ஆம்பியர் ஓடும் இடத்தில் அரை வோல்ட் விழுந்தால் 2.5 வாட் சூடு அந்தச் சின்னக் கூட்டுக்குள்ளேயே தங்குகிறது. அந்தச் சூடுதான் ஸ்பிரிங்கைத் தளர்த்துகிறது, ரிவெட்டைக் கழல வைக்கிறது. வெறும் ஓம் அளவை நம்பாதீர்கள். மீட்டர் அனுப்பும் துளி மின்னோட்டத்தில் கெட்ட காண்டாக்ட்கூட நல்லதாகத்தான் தெரியும்.

கழற்றுவதற்கு முன் பேட்டரியின் எர்த் ஒயரை எடுங்கள். மார்க் 2 பாசிட்டிவ் எர்த் கார், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். அதனால் எடுக்க வேண்டியது பிளஸ் பக்கம். பழக்கதோஷத்தில் மைனஸைக் கழற்றப் போனால், ஸ்பானர் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். பேனலின் மேல் மூலைகளில் உள்ள இரண்டு திருகுகளைக் கழற்றினால் அது முன்னால் மடிந்து கீழே வரும். ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஒயரிலும் சீட்டு ஒட்டுங்கள். நிறங்களும் உதவும்: பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸ் தாண்டிய இக்னிஷன், சிவப்பு பார்க்கிங் விளக்கு, நீலம் ஹெட்லைட், கருப்பு எர்த். அறுபது வருஷத்தில் நிறம் வெளிறிப் பச்சையும் பழுப்பும் ஒன்றுபோலாகிவிடும் என்பதால்தான் சீட்டு. சுவிட்சின் முன்புற வளைய நட்டைப் பிளையரால் பிடித்தால் குரோமியம் உரிந்துவிடும். அதன் காடிக்குப் பொருந்துமாறு பழைய பாக்ஸ் ஸ்பானர் ஒன்றின் வாயை அரத்தால் ராவி வைத்துக்கொள்ளுங்கள்.

பல சுவிட்சுகள் புதிதாக வாங்கத் தேவையே இல்லாதவை. தகரக் கூட்டின் விளிம்பில் மடித்த காதுகள் இருக்கும். மெல்லிய திருப்புளியால் மெதுவாக நிமிர்த்துங்கள். அவை இரண்டு முறை தாங்கும், மூன்றாவது முறை ஒடிந்துவிடும். திறக்கும் வேலையை ஒரு தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுச் செய்யுங்கள். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் துள்ளி விழுந்தால் தேடிக் கிடைக்காது. உள்ளே பழைய கிரீஸ் மெழுகுபோல இறுகி, பித்தளைப் பட்டையில் கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, 1000 நம்பர் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு போதும். அரம் வேண்டவே வேண்டாம். டெர்மினல் ரிவெட் ஆடினால் அடியில் இரும்புக் கட்டை கொடுத்து லேசாகத் தட்டி, மேலே ஒரு சொட்டு சால்டர் வையுங்கள். நீண்ட நேரம் சூடு காட்டினால் டெர்மினலைத் தாங்கும் ஃபைபர் பலகை கருகும். கடைசியாகக் கடுகளவு வாசலைன்.

பலகையே கருகியிருந்தால்தான் வாங்க வேண்டும். அப்போது பார்க்க வேண்டியவை: எத்தனை டெர்மினல், அவை திருகா, 6.3 மில்லிமீட்டர் தட்டையா; ஆன்-ஆஃப் மட்டுமா, வைப்பர்போல மூன்று நிலையா; மரையுள்ள கழுத்தின் விட்டமும் நீளமும்; நெம்புகோலின் வடிவம். கழுத்து குட்டையாக இருந்தால் பேனலைத் தாண்டி நட்டு பிடிக்காது. மாற்றுச் சுவிட்ச் வாங்குகிறவர்கள் அடிக்கடி ஏமாறுவது இங்கேதான். உடலும் எண்ணும் ஒத்துப்போய், நெம்புகோல் மட்டும் வேறாக இருந்தால் தயங்காமல் வாங்கி, உங்கள் பழைய நெம்புகோலை அதில் மாட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் பாகம் அசலாகவே இருக்கும். ஹாம்ப்ஷயரின் பியூலியில் செப்டம்பரில் கூடும் ஆட்டோஜம்பிள் என்ற பழைய கார் உதிரிபாகச் சந்தையில் அழுக்குப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய லூகாஸ் சுவிட்ச், பளபளக்கும் மலிவு நகலைவிட மேல். நகலில் காண்டாக்ட் தகடு மெலிந்திருக்கும்.

ஹெட்லைட் சுவிட்சில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 60 வாட் இழை இரண்டு என்றால் 10 ஆம்பியர். அதை அந்தப் பழைய சுவிட்ச் வழியாக ஓட்டாமல் ஹை பீமுக்கு ஒன்று, டிப்புக்கு (லோ பீம்) ஒன்று என இரண்டு சாதாரண நான்கு கால் ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் மின்காந்தச் சுவிட்ச்) போடுங்கள், தலா 15 ஆம்பியர் ஃபியூஸோடு. ரிலேயின் கால்களில் எண் இருக்கும்: 85, 86 காயில். 30க்குப் பேட்டரி, 87க்கு விளக்கு. பழைய லூகாஸ் 6ஆர்ஏ ரிலே இருந்தால் டபிள்யூ1, டபிள்யூ2 காயில். சி1, சி2 காண்டாக்ட். டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) உள்ள ரிலே வாங்கிவிட்டால், பாசிட்டிவ் எர்த் காரில் 86ஐ பாடிக்கும் 85ஐ சுவிட்ச் ஒயருக்கும் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் டயோடு அந்த நொடியே போய்விடும்.

பிரேக் விளக்குச் சுவிட்சுக்கும் இதே வைத்தியம்தான். அது பிரேக் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. இரண்டு 21 வாட் பல்பு சேர்ந்து 3.5 ஆம்பியர் இழுக்கும். மலிவு சுவிட்சுகள் அதைத் தாங்காமல் சில மாதங்களிலேயே ஓய்ந்துவிடுகின்றன. ரிலே வைத்தால் சுவிட்ச் வழியே ஓடுவது காயிலுக்கான கால் ஆம்பியருக்கும் குறைவே. மாற்றும்போது மரையைப் பழையதோடு ஒப்பிடுங்கள். பழையதை எடுத்ததும் புதியதை உடனே திருகுங்கள். அதுவரை பெடலை யாரும் தொடக்கூடாது. பிறகு பெடல் மெத்தென்று இறங்கினால் பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றாமல் காரை நகர்த்தாதீர்கள்.