வேலூர் வெயிலில் அடுப்பில்லாச் சமையல்: மாசி முதல் ஆடி வரை

மாசி

இயற்கை வாழ்வின் மேல் பக்தி வந்து நான் இதில் இறங்கவில்லை. வேலூரில் பங்குனி பிறந்துவிட்டால் காலை எட்டு மணிக்கே அடுப்பங்கரையில் நிற்க முடியாது. ஊரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை இரவு முழுவதும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். இட்லிப் பானைக்கு முன்னால் வேகும் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த வழி தேடியபோதுதான் அடுப்பில்லாச் சமையல் கண்ணில் பட்டது.

எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி எளியது. காலை உணவும் மாலைச் சிற்றுண்டியும் அடுப்பில்லாமல். மதியம் வழக்கம்போல் சோறு, குழம்பு, பொரியல். மூன்று வேளையும் பச்சையாகவே உண்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேகவைத்தால் வைட்டமின் சி குறையும் என்பது உண்மை. ஆனால் கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினும் தக்காளியில் உள்ள லைகோபீனும் எண்ணெயோடு வெந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். பி12 காய்கறிகளில் கிடைக்காது. மோரையும் விட்டுவிட்டால் மாத்திரையைத்தான் தேட வேண்டும். காந்தியடிகள் 1929-இல் முளைகட்டிய கோதுமை, கடலை, தேங்காய்ப்பால் என்று வேகாத உணவை மட்டும் உண்டு பார்த்தார். வயிற்றுக் கடுப்பு வந்து கைவிட்டார். அவருக்கு இருந்த மன உறுதியில் கால் பங்குகூட எனக்குக் கிடையாது.

மாமியாரிடம் திட்டத்தைச் சொன்னேன். "ஏம்மா, இதில் புதிதாக என்ன இருக்கிறது? ராம நவமிக்குப் பானகம், நீர்மோர், வடைபருப்பு. அம்மனுக்குத் துள்ளுமாவு. எதற்கு அடுப்பு மூட்டினோம்?" என்றார். அத்தை சொன்னதில் நியாயம் இருந்தது. பட்டியலை அங்கிருந்தே தொடங்கினேன்.

துள்ளுமாவுக்குப் பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்ப வேண்டும். அள்ளினால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது. நகத்தால் அழுத்தினால் அரிசி உடைய வேண்டும். அந்தப் பதத்தில் அரைத்துச் சலித்து, ஒரு கப் மாவுக்கு அரைக் கப்பிலிருந்து முக்கால் கப் வரை பொடித்த வெல்லம், ஏலக்காய், துருவிய தேங்காய் சேர்த்துப் பிசறலாம். வெல்லத்தின் ஈரமே மாவைப் பிடித்துக்கொள்ளும்; ஒரு சொட்டுத் தண்ணீர் விடக் கூடாது. உரலில் இடித்தால்தான் மாவு என்பது அத்தையின் கட்சி. மிக்ஸியில் மாவு சூடேறுவது உண்மைதான், அதனால் விட்டு விட்டு ஓட்டினேன். சுவைக்குக் குறைவில்லை. ஆனால் பச்சை மாவுச்சத்து எளிதில் செரிக்காது. ஒரு கைப்பிடிக்கு மேல் போனால் மதியம் வரை வயிறு கனக்கும். பிரசாதத்துக்கு ஏற்றது, காலை உணவுக்கு ஆகாது என்று நோட்டில் குறித்துவிட்டேன்.

அடுத்தது அவல். அடுப்பில்லாச் சமையல் என்றால் எல்லோரும் முதலில் கை காட்டுவது அவலைத்தான். நெல்லை ஊறவைத்து வறுத்த பிறகுதான் அவல் இடிக்கிறார்கள். ஆக, அடுப்பு நம் வீட்டில் எரியவில்லை, அவல் மில்லில் எரிந்தது. முந்திரிக்கும் இதே கதைதான். அதன் ஓட்டில் உள்ள எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகும் என்பதால், கொட்டையைச் சூடுபடுத்திய பிறகே பெரும்பாலும் உடைக்கிறார்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. என் அடுப்பு எரியாமல் இருந்தால் போதும். கெட்டிச் சிவப்பு அவலை அலசி, அது மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு இருபது நிமிடம் மூடி வைத்து, தேங்காய்த் துருவல், நாட்டுச் சர்க்கரை, ஒரு வாழைப்பழம் சேர்த்தால் காலை வேளை முடிந்தது.

பங்குனி

இந்த மாதம் முழுக்கப் பச்சைப்பயறு. இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, ஈரத்துணியில் கட்டி, மண்சட்டியில் வைத்து மூடினேன். குளிர்காலத்தில் ஒன்றரை நாள் எடுக்கும் முளை, இந்த வெயிலில் அன்று இரவுக்குள் எட்டிப் பார்த்துவிடுகிறது. எவர்சில்வர் டப்பாவில் கட்டி வைத்த பயறு பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்தது. மண்சட்டியில் வைத்தது அப்படி ஆகவில்லை. சட்டியின் வெளிப்புறத்தில் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் உள்ளே குளிர்ச்சி நிற்கிறது. மூட்டையைப் பகலில் இரண்டு மூன்று முறை பிரித்து, குடிக்கும் தண்ணீரில் அலசிக் கட்ட வேண்டும். வாசனை மாறினால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

இதை எழுதுபவர்கள் பலரும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. முளைக்குப் பிடித்த சூடும் ஈரமும் கிருமிகளுக்கும் பிடிக்கும். சால்மொனெல்லா, ஈகோலை போன்றவை விதையிலேயே ஒட்டிக்கொண்டு வரலாம். எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. எனக்குப் பச்சையாகவே எலுமிச்சை பிழிந்து, மாங்காய் நறுக்கிப் போட்டுச் சாப்பிடப் பிடிக்கும். அத்தைக்கும் பேரக்குழந்தைக்கும் நன்றாக வேகவைத்துத்தான் கொடுக்கிறேன். கர்ப்பிணிகளுக்கும் அப்படித்தான். என் கொள்கைக்காக அடுத்தவர் வயிற்றைப் பணயம் வைக்க முடியாது.

பயறு சரிப்பட்டது என்றதும் அலுவலகத் தோழி ராஜ்மாவையும் இப்படியே ஊறவைத்துச் சாப்பிடலாமா என்று கேட்டார். கூடவே கூடாது. வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் வரவழைக்கும். நாலைந்து கொட்டைகளே போதும். மரவள்ளிக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. சேனை நாக்கையும் தொண்டையையும் பிடுங்கி எடுத்துவிடும். மொச்சையும் வெந்துதான் தட்டுக்கு வர வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்கத்தரியைப் பச்சையாகத் தின்பதா என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். அதைச் சாலட்டில் போடுவது நம் மாவட்டத்துக்கே செய்யும் துரோகம். அதன் இடம் எண்ணெய்ச் சட்டி.

சித்திரை

வாழைத்தண்டுக்கு இந்த மாதம் நல்ல மரியாதை. காட்பாடி உழவர் சந்தையில் இளந்தண்டாகப் பார்த்து வாங்கினேன். வெட்டிய முகத்தை நகத்தால் கீறினால் நீர் பூக்க வேண்டும். மேல் மட்டைகளை உரித்து, உள்ளே இருக்கும் வழவழப்பான தண்டை மெல்லிய வில்லைகளாக நறுக்கும்போது, ஒவ்வொரு வில்லையும் அடுத்ததோடு சிலந்தி நூல்போல் ஒட்டிக்கொண்டே வரும். அந்த நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். தண்டு முடியும்போது விரலில் வெள்ளைப் பஞ்சு மோதிரம் ஒன்று சேர்ந்திருக்கும். வில்லைகளை உடனே மோர் கலந்த தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். பிறகு பொடியாக அரிந்து, கெட்டித் தயிர், இஞ்சி, பச்சைமிளகாய், உப்பு, கொத்தமல்லி. தாளிக்கக் கூடாது என்பதால் கடுகு இல்லை. அந்தக் குறை தெரியத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கத்திரி வெயிலில் இதற்கு இணையான பச்சடி கிடையாது. இதுவரை செய்ததில் வீட்டில் எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கியது இது ஒன்றுதான்.

சுரைக்காய்ச் சாறு குடிக்கிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுரை, வெள்ளரி, பீர்க்கு எல்லாம் ஒரே குடும்பம். அவற்றில் சில காய்கள் கசந்துபோகும். குக்கர்பிட்டாசின் என்ற நச்சுதான் அந்தக் கசப்பு. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து நம் நாட்டில் உயிரே போயிருக்கிறது; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்காகக் குழு அமைத்து எச்சரிக்கையும் விடுத்தது. அதனால் காயை நறுக்கியதும் நுனியில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். லேசாகக் கசந்தாலும் குப்பைக்குத்தான். "கசந்தால் மருந்து" என்பது வேப்பம்பூவுக்குப் பொருந்தலாம், சுரைக்காய்க்குப் பொருந்தாது.

நன்னாரி வேர் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். அத்தையின் ஊர் ஒடுகத்தூர்ப் பக்கம் என்பதால், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிய வேராக வாங்கி வரச் சொன்னார். மண் போகக் கழுவி, அம்மியில் நசுக்கினால் தோல் தனியாகவும் நடுவில் இருக்கும் கட்டை நரம்பு தனியாகவும் பிரியும். நரம்பில் மணம் இல்லை, தூக்கிப் போடலாம். தோலை மட்டும் இரவு முழுவதும் மண்பானைத் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் வடித்து, எலுமிச்சையும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்தேன். கடைச் சர்பத் நிறம் வரவில்லை. வெளிறிய தேநீர் நிறம்தான். மணமோ கடைச் சர்பத்தை விட அதிகம். நன்னாரியின் மணப்பொருள் வெனிலாவின் மணப்பொருளுக்கு நெருங்கிய உறவு. எளிதில் ஆவியாகும் தன்மையுடையது. கொதிக்கும் பாகில் போட்டால் பாதி மணம் சமையலறைக்கே போய்விடும். அடுப்பை விட்டதால் உண்மையிலேயே லாபம் கிடைத்த இடம் இது.

கத்திரி

தேங்காய்ப்பால்: ஒரு தேங்காய், இரண்டு டம்ளர் தண்ணீர், நாட்டுச் சர்க்கரை, ஏலக்காய். பிழிந்த ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் காலையில் எடுத்த பால் மதியத்துக்கு நிற்காது. மற்றபடி நுங்கும் வெள்ளரிப் பிஞ்சும்தான். இவற்றுக்குச் செய்முறை எதற்கு?

கீரைச் சாறு மட்டும் இந்த மாதம் நிறுத்தினேன். தினமும் பச்சைக் கீரையை அரைத்துக் குடிப்பது நாகரிகமாகிவிட்டது. பாலக், பசலை, சிறுகீரை வகைகளில் சிறுநீரகக் கல்லுக்கு வழிசெய்யும் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் அதில் ஒரு பங்கு போய்விடும். பச்சையாக அரைத்தால் அத்தனையும் உள்ளே போகும். உடம்பில் இருக்கும் தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போகும் இந்த ஊரில், சிறுநீரகக் கல் வந்தவர் இல்லாத தெருவே இருக்காது. கல் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கீரைச் சாற்றைத் தொடக் கூடாது.

அருகம்புல் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். பாலாற்றங்கரையில் புல் தழைத்துக் கிடக்கிறது என்று ஒருவர் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். நான் பயன்படுத்தவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவுகள் பாலாற்றை என்ன செய்தன என்பது நமக்குத் தெரியாததல்ல. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்று புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் மண்ணில் தங்கிவிட்டால், காய்ச்சினாலும் போகாது, கழுவினாலும் போகாது. கிருமியை நெருப்பு பார்த்துக்கொள்ளும். உலோகத்தை என்ன செய்யும்? புல் விளைந்த இடம் எது என்று தெரியாவிட்டால் அது எனக்கு வேண்டாம். மாடியில் ஒரு தொட்டியில் அருகம்புல் நட்டுவிட்டேன், தானாகவே பரவுகிறது.

வைகாசி

முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கூட்டத்தில் குடித்த மோருக்கு இணையாக வீட்டில் எனக்கு ஒருநாளும் வருவதில்லை. போகட்டும்.

மாடியில் மூலிகைத் தொட்டிகள் வெயிலைத் தாண்டிய விதம்: கற்பூரவல்லி பிழைத்தது, துளசி பிழைத்தது, சோற்றுக்கற்றாழை கொழுத்தது. வல்லாரை காலையில் நிமிர்ந்து மதியம் படுத்துவிட்டது. தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, வெட்டிவேர்த் தட்டியின் நிழலுக்கு மாற்றிய பிறகே தளிர் விட்டது. வெற்றிலைக் கொடி போய்விட்டது. தூதுவளை பிழைத்தது மட்டுமல்ல, பறிக்கப் போனால் கையைக் கிழிக்கிறது. இலையின் அடி நரம்பில்கூட முள் இருக்கும். பச்சையாகத் துவையல் அரைப்பதற்கு முன் ஒவ்வொரு முள்ளையும் கத்தரிக்கோலால் எடுக்க வேண்டியிருக்கிறது. பொறுமை இல்லாதவர்கள் நெய்யில் வதக்கிக்கொள்ளலாம், முள் மசிந்துவிடும். நானும் இப்போது வதக்கித்தான் அரைக்கிறேன்.

கற்றாழையில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். மடலை வெட்டியதும் பச்சைத் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் பால் கசியும். அதில் உள்ள அலோயின் கடும் பேதி மருந்து. மடலை ஒரு கிண்ணத்தில் செங்குத்தாக நிறுத்தி அரை மணி நேரம் வடியவிட்டு, பக்கவாட்டு முட்களைச் சீவி, தோலை உரித்து, கண்ணாடிபோன்ற சோற்றை வழவழப்பும் கசப்பும் போகும் வரை கழுவ வேண்டும். ஏழு தண்ணீர் விட்டு அலசு என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. பிறகு மோரில் அடித்து, உப்பும் பெருங்காயமும் சேர்த்து, சிறு டம்ளர் அளவு குடிக்கலாம். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

அத்தைக்குச் சளி பிடித்தபோது கற்பூரவல்லி இலையை நசுக்கி, சாற்றில் தேன் கலந்து கொடுத்தேன். ஓமத்தில் உள்ள தைமாலும் கார்வக்ராலும் இதிலும் இருப்பதால்தான் அந்த வாசனை. மூக்கு விட்டது, தூக்கம் வந்தது. சளி அதன் போக்கில்தான் போனது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்த்து எதையும் கொடுக்கக் கூடாது. சளி, இருமலுக்குத் தரும் ஆடாதோடையும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அது வலுவான மூலிகை. கடையில் விற்கும் இருமல் மருந்துகளில் உள்ள புரோம்ஹெக்சின், ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்து பிறந்ததுதான்.

தெருவில் ஒரு பையனுக்குக் கண் மஞ்சளித்தது. கீழாநெல்லி கேட்டு வந்தார்கள். கொல்லையில் இருந்ததைக் கொடுத்தேன். முதலில் கல்லீரல் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை செய்து காரணத்தைத் தெரிந்துகொண்டு, மருத்துவர் சம்மதித்தால் மட்டும் அரைத்துக் கொடுங்கள் என்று சொல்லியே கொடுத்தேன். மஞ்சள் காமாலைக்குக் கிருமியும் காரணமாகலாம், பித்தப்பைக் கல்லும் காரணமாகலாம். கல்லைக் கீழாநெல்லி கரைக்காது.

ஆடி

காற்று வீசத் தொடங்கிவிட்டது, அடுப்பங்கரையில் நிற்க முடிகிறது. இட்லி திரும்பி வந்துவிட்டது, வீட்டுக்காரர் முகத்தில் களை திரும்பிவிட்டது. அவல், முளைப்பயறு, வாழைத்தண்டுப் பச்சடி மூன்றும் வாரத்தில் பாதி நாட்கள் தொடர்கின்றன. என் எடை மாறவில்லை. மாலைநேர நெஞ்செரிச்சல் குறைந்திருக்கிறது; அது பச்சை உணவாலா, மாலையில் பஜ்ஜி போடாததாலா என்று கேட்டால் பஜ்ஜி பக்கமே சாய்வேன். அத்தையின் இரத்த அழுத்த மாத்திரை ஒருவேளைகூட நிற்கவில்லை, நிற்கவும் கூடாது.

அம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு மறுபடி துள்ளுமாவு இடிக்க வேண்டும். இந்த முறை உரல்தான் என்று அத்தை சொல்லிவிட்டார், உலக்கை பிடிப்பது நான். ஐப்பசி மழைக்கு முன் நிலவேம்பு விதை வாங்கி விதைக்க வேண்டும். கசப்பில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. குடிநீராகக் காய்ச்சித்தான் குடிப்பார்கள் என்பதால் அதற்கு அடுப்பு எரிந்தே ஆக வேண்டும்.