கோத்தகிரியில் ஓர் அயல்நாட்டு மாணவன்

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு நீலகிரியின் குளிரும் மழையும் புதியவை அல்ல. மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறி அரவேனுவைத் தாண்டினால் சாலையின் இருபுறமும் தேயிலைதான். தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசையும் மாரியம்மன் கோயிலும் நான் விட்டுவந்த ஊரில் இருப்பவை போலவே இருக்கின்றன. இரு நாடுகளுக்கும் நேரம் ஒன்றே என்பதால் கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டியதில்லை. கணினி அறிவியல் இளநிலைப் படிப்புக்காக வந்த எனக்கு இங்கே பாடத்தைவிடக் கடினமாக இருந்தது, சொந்த அத்தை வீட்டிலேயே அயல்நாட்டவனாக வாழப் பழகுவதுதான்.

இந்த நிலை என் தலைமுறையில் உண்டானதன்று. 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இலங்கைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. என் தாத்தா இலங்கைக் கணக்கில் நின்றார். அவருடைய அண்ணன் குடும்பமோ தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென்றே அரசு உருவாக்கிய, இன்று டான்டீ என்று அழைக்கப்படும் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் சிறுமியாக வந்தவர்தான் அத்தை. அக்கம்பக்கத்தார் அவரை இன்னும் "சிலோன்காரம்மா" என்றே அழைக்கிறார்கள். சட்டப்படி அவர் இந்தியர், நான்தான் சிலோன்காரன்.

இலங்கை உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு இங்குள்ள பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரானது என்ற சான்றைத் தில்லியிலுள்ள இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் பெற வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர், வந்த 14 நாளுக்குள் அயல்நாட்டவர் பதிவை இணையத்தில் முடிக்க வேண்டும். அயல்நாட்டவருக்கு இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள், அப்போது 'சி படிவம்' எனப்பட்ட தங்கல் அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை அத்தையிடம் சொன்னபோது, "எங்க அண்ணன் மவன் என் வீட்டுல தங்குறதுக்கு எவனுக்குய்யா சொல்லணும்?" என்று கேட்டார். படிவத்தை அத்தை மகனான மச்சான் நிரப்பினான். இவற்றையெல்லாம்விட அலைக்கழித்தது பெயர்தான். பாடசாலைச் சான்றிதழில் என் பெயர் ஒரு விதம். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயரே குடும்பப் பெயராக நிற்கிறது. கல்லூரிப் பதிவேட்டிலோ அது ஒற்றை முன்னெழுத்தாகச் சுருங்கிவிட்டது.

மூன்றாண்டு, ஆறு பருவங்கள் கொண்ட படிப்பு. நீலகிரியின் பிற கலை அறிவியல் கல்லூரிகளைப் போல எங்கள் கல்லூரியும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பாடநூலும் பரீட்சையும் ஆங்கிலத்தில் இருந்தாலும் விளக்கம் பெரும்பாலும் தமிழில்தான் நடக்கிறது. உயர்தரம்வரை தமிழ் வழியில் படித்த எனக்கு முதல் பருவத்தில் அது பெரிய துணை. ஊரில் பைத்தான் நிரல்மொழியோடு பழகியிருந்தவன் இங்கே சி மொழிக்கான பழைய மென்பொருளான டர்போ சியின் நீலத்திரையில் மீண்டும் தொடங்கினேன். ஓடி முடித்த புரோகிராமை ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதி, அதன் விடையை எதிர்ப்பக்கத்தில் பென்சிலால் வரையும் வழக்கத்தின் பயன் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மழைக்காலத்தில் மின்சாரம் போய்விடும் நாள்களில் புரோகிராமைத் தாளில் வைத்து வரிவரியாக ஓட்டிப் பார்ப்போம். நினைவக முகவரியைச் சுட்டும் பாயின்டரும், அவற்றால் தரவுகளைக் கோக்கும் லிங்க்டு லிஸ்டும் எனக்குப் பிடிபட்டது திரையில் அல்ல, அந்தத் தாள்களில்தான்.

தரவுத்தளப் பாடம் வந்தபோது என் நிலைமையைப் பற்றியே யாரோ எழுதிவைத்திருப்பது போலத் தோன்றியது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த, தகவல்களை அட்டவணைகளாக வைக்கும் அந்த முறையில், ஒவ்வொரு பதிவையும் பிறவற்றினின்று பிரித்தறிய ஒரு முதன்மைத் திறவுகோல் வேண்டும். அதற்குப் பெயரைப் பயன்படுத்தலாகாது, ஏனெனில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், ஒருவருக்கே பல பெயர்களும் இருக்கும். இதை மனத்தில் வைத்து, இறுதிப் பருவத் திட்டப்பணியாக மச்சானும் நானும் எங்கள் உறவுக் குடும்பங்களின் பழைய கடவுச்சீட்டுகளையும் குடும்ப அட்டைகளையும் ஒழுங்குபடுத்தும் தரவுத்தளம் ஒன்றை அமைத்தோம். அட்டைகளில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதப்பட்ட பெயர்கள் ஒருபுறமிருக்க, தமிழைக் கணினியில் ஏற்றுவதே தனி வேலையாயிற்று. 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லின் நீளத்தைச் சி மொழியில் கேட்டால் 15 என்று விடை வருகிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிக்கோடில் அது ஐந்து குறியீடுகள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள், சி மொழி எண்ணுவதோ பைட்டுகளை. 'ஸ்ரீ'யின் தொல்லை இன்னும் பெரிது: ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிக்கோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், தேடும்போது ஒன்று மற்றொன்றுக்கு அகப்படாது. ஸ்ரீதரன்களும் ஸ்ரீதேவிகளும் நிறைந்த எங்கள் குடும்பத்தில் இதைச் சரிசெய்யாமல் எந்தத் தேடலும் உருப்படாது.

மச்சான் இப்போது கோவை நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுகளுக்கு மலையிறங்கிப் போய்வருகிறான். அதே படிப்பும் அதே திட்டப்பணியும் இருந்தும் நான் போக முடியாது. மாணவர் விசாவில் வேலை பார்க்க அனுமதியில்லை. பணி விசாவுக்கோ ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையாத சம்பளம் வேண்டும். புதிதாகப் பட்டம் பெற்றவருக்கு இந்தப் பக்கத்தில் கிடைப்பது அதில் கால்பங்கு இருந்தாலே அதிகம். அயல்நாட்டுச் சமையல் வல்லுநருக்கு இந்த வரம்பிலிருந்து விலக்கு உண்டு என்பதை அறிந்த அத்தை, என்னை அடுப்படிக்கு அழைத்துக் கேலி செய்தார்.

ஆகவே என் விண்ணப்பங்கள் கொழும்புக்குப் போகின்றன. அவற்றோடு இணைக்க மதிப்பெண் பட்டியல்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன். அவை அனைத்திலும் என் பெயர் முன்னெழுத்தோடு மட்டுமே இருப்பதால், அந்தப் பெயருக்கும் கடவுச்சீட்டுப் பெயருக்கும் உரியவன் ஒருவனே என்று ஒரு சத்தியக்கடதாசியும் தயாராகிறது.