தேக்கடிக்குப் போகிறவர்களுக்கு

தேக்கடி என்றாலே நம்மில் பலருக்குப் படகுச் சவாரிதான். ஏரியில் ஒரு சுற்று, தூரத்தில் யானை தெரிந்தால் ஒரு கூச்சல், குமுளியில் ஏலக்காய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம். சரி, அதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த முறை காட்டுக்குள் நடந்து போய்ப் பாருங்கள்.

அங்கே புலித்தடப் பயணம் (Tiger Trail) என்ற காட்டு நடையைத் தொடங்கி வைத்த வழிகாட்டிகள் ஒரு காலத்தில் அதே காட்டில் திருட்டுத்தனமாக வயணா மரப்பட்டை (லவங்கப்பட்டை இனத்து வாசனைப் பட்டை) உரித்து விற்றவர்கள். வேட்டையும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களோடு பேசி, ஒரு சூழல் மேம்பாட்டுக் குழுவாகச் சேர்த்தது. பயணிகளைக் கூட்டிப் போகும் நடையே காட்டுக்கு ரோந்தும் ஆகிவிடுகிறது. கடத்துகிறவன் எந்தப் பாதையில் வருவான் என்று இவர்களைவிட யாருக்குத் தெரியும்!

அப்புறம், வசந்த சேனை. உள்ளூர்ப் பெண்கள் கூலி வாங்காமலே காட்டில் காவல் சுற்றுகிறார்கள். (பெருமைதான், ஆனால் சம்பளம் கொடுத்தால் என்ன என்று எனக்கு ஓர் உறுத்தல் உண்டு.)

குமுளியில் இறங்கியதும் "ஜீப் சஃபாரி" என்று மறிப்பார்கள். நின்று பேசாமல், வனத்துறையின் சூழல் சுற்றுலா மையத்துக்கு நேரே போய்ப் பதிவு செய்யுங்கள். மழைக்காலம் என்றால் அட்டைக்கடிக்குத் தயாராகப் போங்கள்.