இருட்டு வாசலுக்கு எதிரே ஒரு கேமரா

பேய்ப்படத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பேயிடம் பயம் இருப்பதில்லை. இரவு 2 மணிக்கு, முகம் நிறையச் சாம்பல் நிற ஒப்பனையோடு ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, உதட்டுச் சாயம் கலைந்துவிடாதபடி ஸ்ட்ரா போட்டு மோர் குடிப்பதைப் பார்த்துவிட்ட பிறகு அச்சத்துக்கு அங்கே இடமேது? ஆகவே 12 ஆண்டுகளுக்கு முன், ஒளிப்பதிவாளனாக நான் தனியே பொறுப்பேற்ற முதல் படம் ஒரு பேய்ப்படம் என்று முடிவானபோது, பயத்தை நான் உணர வேண்டியதில்லை, உண்டாக்கினால் போதும் என்றும், அதற்கு வேண்டியதெல்லாம் என் கைவசம் இருக்கிறது என்றும் நம்பினேன். சாய்த்து வைத்த ஃப்ரேம், உத்தரத்திலிருந்து குனிந்து பார்க்கும் டாப் ஆங்கிள், முகத்தை வளைத்துக் காட்டும் 14 மி.மீ. லென்ஸ், தரையோடு தவழும் கேமரா ஆகியவைதான் அந்தக் கைவசச் சரக்கு.

படப்பிடிப்பு செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய வீடு ஒன்றில் நடந்தது. முகப்பு, வளவு என்னும் முற்றப்பகுதி, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு அது. எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்தால் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். கதவுக்குள் கதவு, அதற்குள் இன்னொரு கதவு என்று நிலைச்சட்டங்கள் சிறிதாகிக்கொண்டே போகும். அங்கே நாங்கள் எடுக்க வேண்டிய காட்சி மிக எளியது. கதாநாயகி நள்ளிரவில் விழித்து, இரண்டாம் கட்டைக் கடந்து சமையற்கட்டுக்குச் சென்று, ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புகிறாள். எதுவும் நடப்பதில்லை. நடக்கப்போகிறது என்ற எண்ணம் மட்டும் பார்ப்பவருக்கு வர வேண்டும். அதற்காக ஒரே இரவில் 23 ஷாட்டுகள் எடுத்தேன். கல்தரையில் பாதம், தாழ்ப்பாளில் விரல்கள், செம்பில் தளும்பும் தண்ணீர், கண், மீண்டும் பாதம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். யூனிட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். விடிந்து பேக்கப் சொன்னபோது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

எடிட்டிங் அறையில் அந்தக் காட்சி பின்னணி இசை இல்லாமல் ஓடியது. படத்தொகுப்பாளர் வயதில் மூத்தவர், அதிகம் பேசாதவர். இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா எடுத்திருக்கீங்க தம்பி. ஆனா இதையெல்லாம் யார் பார்க்கறாங்க?" என்று கேட்டார். ரசிகர்கள்தான் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உத்தரத்து ஷாட்டில் படத்தை நிறுத்தி, "இங்கே யார் உட்கார்ந்திருக்கா?" என்றார். யாருமில்லை. அடுத்ததில் தரையில் படுத்திருப்பது யார்? அதற்கும் பதிலில்லை. 23 ஷாட்டுகளில் 23 இடங்களிலிருந்து யாரோ பார்க்கிறார்கள், ஆனால் அந்த 'யாரோ' ஓர் ஆளாகத் திரண்டு வரவில்லை என்பதை அவர் எனக்கு இரண்டே கேள்விகளில் காட்டிவிட்டார். அன்று கோபம்தான் வந்தது. புரிவதற்குச் சில நாட்கள் ஆயின.

'சைக்கோ' (1960) படத்தில் துப்பறிவாளர் மாடிப்படி ஏறும் காட்சியைப் பற்றி அதன் இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடனான நீண்ட உரையாடலில் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அந்தக் காட்சியை எடுக்க வேண்டிய நாளில் அவருக்குக் காய்ச்சல். வடிவமைப்பாளர் சால் பாஸ் வரைந்து வைத்திருந்த ஓவியங்களின்படி எடுத்துவிடுமாறு குழுவினரிடம் சொல்லிவிட்டார். அவர்கள் கைப்பிடிக் கம்பியில் நகரும் கையையும் படிகளில் ஏறும் காலையும் தனித்தனித் துண்டுகளாக எடுத்து வைத்தார்கள். எடுத்ததை அப்படியே போட்டுப் பார்த்த ஹிட்ச்காக் அது உதவாது என்று ஒதுக்கினார். அந்தத் துண்டுகள், ஏறுகிறவரையே தீய நோக்கத்தோடு பதுங்கிச் செல்லும் ஆளாகக் காட்டின. அவரோ மேலே காத்திருக்கும் ஆபத்தை அறியாத அப்பாவி. ஆகவே துப்பறிவாளர் ஏறுவதை ஹிட்ச்காக் அலங்காரமில்லாமல் ஒரே ஓட்டமாகக் காட்டிவிட்டு, தாக்குதல் நிகழும் கணத்தில் மட்டும் கேமராவை மிக உயரத்துக்குக் கொண்டுபோனார். அந்த உயரம் கொலைகாரத் தாயின் முகத்தை மறைத்தது. ஏதோ ஒளிக்கிறார்கள் என்ற ஐயமும் எழவில்லை. அத்துடன், அதையடுத்துத் திரையை அடைத்துக்கொண்டு வரும் முகத்தின் குளோஸ் அப்புக்கு வலிமையும் கூடியது.

பல ஆண்டுகளுக்கு முன்பே படித்திருந்த இந்தச் செய்தி அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் அதையே செய்திருந்தேன். பாதத்தையும் தாழ்ப்பாளையும் தனித்தனியே காட்டியதால், சொந்த வீட்டில் தண்ணீர் குடிக்கப் போகும் பெண் அடுத்தவர் வீட்டில் திருடப் போகிறவளைப் போலத் தெரிந்தாள். ஐயம் அவள்மீது விழுந்துவிட்ட பிறகு, அவளுக்காக யார் அஞ்சுவார்கள்?

அந்த வாரம் நான் சில பழைய படங்களை, யார் பார்க்கிறார்கள் என்ற அந்த ஒரு கேள்வியோடு மட்டும் மறுபடி பார்த்தேன். ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' (1978), ஒரு வீட்டை வெளியிலிருந்து சுற்றி, சமையலறை வழியாக உள்ளே நுழைந்து, கத்தியை எடுத்து, மாடி ஏறும் கண்களோடு தொடங்குகிறது. கொலை முடிந்த பிறகு அந்தக் கண்கள் ஆறு வயதுச் சிறுவனுடையவை என்று தெரிகிறது. இந்தத் தொடக்கம் நமக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அதன் பிறகு பட்டப்பகலில், மர நிழலுள்ள தெருவில், கேமரா சற்றே மிதந்தாலும், இது அவன் பார்வையோ என்று நாமே ஐயுறுகிறோம். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அகன்ற திரையின் ஒரு பக்கத்தைப் பல இடங்களில் காலியாகவே விட்டிருக்கிறார். நாயகிக்குப் பின்னாலுள்ள இருட்டில் வெள்ளை முகமூடி மெல்லத் துலங்கும் இடத்தில் கேமராவும் நகரவில்லை, ஆளும் நகரவில்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் ஒரு சிறு விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

'தி ஷைனிங்' (1980) படத்தில் ஹோட்டல் தாழ்வாரங்களில் மூன்று சக்கர வண்டி ஓட்டும் சிறுவனை, ஆள் நடந்தாலும் கேமரா குலுங்காதபடி தாங்கும் ஸ்டெடிகேமைக் கண்டுபிடித்த கேரட் பிரவுனே பின்தொடர்ந்து படம் பிடித்தார். சக்கர நாற்காலியைப் பயன்படுத்தி, கேமராவைச் சிறுவனின் உயரத்துக்குத் தாழ்த்தி எடுத்த ஷாட்டுகள் அவை. மரத்தரையில் கடகடவென்றும் கம்பளத்தில் ஓசையடங்கியும் மாறி மாறி ஒலிக்கும் சக்கரங்களோடு, ஏதோ ஒன்று அவனை விட்டு விலகாமலும் அவனைத் தொடாமலும் கூடவே போகிறது. யார் என்ற கேள்வி எழுகிறது, பதில் வருவதில்லை. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி 3' (2011) இதற்கு நேர்மாறானது. அதில் மின்விசிறியின் சுழலும் அடிப்பாகத்தில் கட்டிய கேமரா சமையலறைக்கும் முன்னறைக்கும் இடையே மாறி மாறித் திரும்புகிறது. அங்கே பார்ப்பவர் யாருமில்லை. நாம் எதைப் பார்க்கத் துடிக்கிறோம் என்பதைப் பற்றி அந்த இயந்திரத்துக்குக் கவலையில்லாததால், அது நிதானமாக அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரும்வரை நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது. கேமராவைக் கையில் வைத்துக் குலுக்கினாலே பதற்றம் வந்துவிடும் என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலான வேளைகளில் அந்தக் குலுக்கல் ஒரு கேமராமேன் அங்கே நிற்பதைத்தான் நினைவூட்டுகிறது.

செட்டிநாட்டு வீட்டுக்கு மிக நெருக்கமாக எனக்குப் பட்டது 'ரோஸ்மேரிஸ் பேபி' (1968) பற்றி அதன் ஒளிப்பதிவாளர் வில்லியம் ஃபிரேக்கர் சொன்ன அனுபவம். பக்கத்து வீட்டு மூதாட்டி படுக்கையறையில் தொலைபேசியில் பேசுவதைக் கதவு வழியாக எடுக்க வேண்டும். ஃபிரேக்கர் அவர் முழுமையாகத் தெரியும்படி ஃப்ரேம் வைத்தார். இயக்குநர் போலன்ஸ்கி கேமராவைத் தள்ளி வைக்கச் செய்து, நிலைச்சட்டம் அவரது முகத்தை மறைத்து, முதுகு மட்டும் தெரியும்படி மாற்றினார். காரணம் அப்போது ஃபிரேக்கருக்கு விளங்கவில்லை. திரையரங்கில் அந்த இடம் வந்தபோது, கதவுக்கு அப்பால் எட்டிப் பார்ப்பவர்களைப் போல அத்தனை பேரும் தலையைச் சாய்த்தார்களாம். எங்களிடமோ ஒன்றல்ல, ஒரே நேர்கோட்டில் ஐந்து நிலைச்சட்டங்கள் இருந்தன. நான் உத்தரத்தில் ஏறிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரரிடம் மன்றாடி இன்னும் ஓர் இரவு வாங்கினோம். அந்த ஓர் இரவில் எடுத்தது ஒரே ஷாட்தான். கதைப்படி அந்த வீட்டில் இறந்துபோன ஆச்சி, உயிரோடிருந்த காலத்தில் இரண்டாம் கட்டின் தூணோரம் அமர்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருப்பவர். ஆகவே கேமராவை அந்தத் தூணருகே, தரையில் அமர்ந்திருக்கும் ஒரு முதியவளின் கண் உயரத்தில், அதாவது இரண்டரை அடியில் வைக்கலாமா என்று இயக்குநரிடம் கேட்டேன். ரசிகர்களுக்கு அது தெரியுமா என்றார். தெரிய வேண்டாம் என்றேன். 32 மி.மீ. லென்ஸ். ஃப்ரேமின் இடது ஓரத்தில் சமையற்கட்டுக்குள் செல்லும் பெண், வலப்பக்கம் முழுவதும் மூன்றாம் கட்டின் இருண்ட வாசல். அவள் போய், தண்ணீர் மொண்டு, திரும்பும்வரை 50 நொடிகள். அந்த 50 நொடிகளுக்குள் கேமரா நாலடி முன்னே நகர வேண்டும். அமர்ந்த நிலையிலேயே ஒருவர் நெருங்கி வருவது போன்ற அந்த நகர்வில்தான் என் நம்பிக்கை முழுவதும் இருந்தது.

நொடிக்கு ஓர் அங்குலம் என்று தாளில் எழுதிவிடலாம். தள்ளிப் பார்த்தால்தான் அதன் துன்பம் தெரியும். கேமராவைச் சுமந்து வேகமாகப் போகும் டிராலியில் சிறு குறைகள் மறைந்துவிடும். இவ்வளவு மெதுவாகப் போனால் டிராக்கின், அதாவது டிராலி ஓடும் தண்டவாளத்தின், ஒவ்வோர் இணைப்பும் திரையில் ஒரு விக்கலாக விழும். டிராலி தள்ளும் அண்ணன் இணைப்பே இல்லாத ஒற்றை டிராக்கைத் தேர்ந்தெடுத்து, அதில் முகப்பவுடர் தூவி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "சார், நகர்றது தெரியக் கூடாது. நகர்ந்துட்டோம்கறது மட்டும் தெரியணும்" என்றார். கேமரா நகர்வைப் பற்றி இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

மூன்றாவது டேக்கில் ஒன்று நடந்தது. எல்லோரும் மானிட்டரைச் சுற்றி மூச்சடக்கி நின்றுகொண்டிருந்தபோது, ரோலிங் சொன்னது காதில் விழாத தயாரிப்புத் துறைப் பையன் ஒருவன், தேநீர் டம்ளர்களோடு அந்த இருண்ட வாசலைக் குறுக்கே கடந்தான். அத்தனை பேரும் துள்ளிவிட்டோம். ஒப்பனைக்காரர் வாய்விட்டே கத்திவிட்டார். பையன் வசை வாங்கினான், டேக் வீணாயிற்று. ஆனால் அங்கிருந்த ஒருவரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, எல்லோருடைய கண்களும் அந்தக் காலி வாசலில்தான் இருந்தன என்பது அந்தக் கணத்தில் எனக்கு உறுதியாயிற்று. ஆறாவது டேக் ஓகே ஆனது. அதில் வாசலில் ஒன்றும் வருவதில்லை. செம்போடு திரும்பும் பெண் நடுவழியில் நின்று, வாசல் பக்கம் பாராமல், கேமராவை நேராகப் பார்க்கிறாள். கேமரா அப்போது அவளுக்கு மிக அருகில் இருக்கிறது.

அந்த வாசலின் இருட்டு முற்றிலும் கறுப்பாக இருந்திருந்தால் இது பலித்திருக்காது. கண் எதையாவது தேட வேண்டுமானால் தேடுவதற்கு அங்கே ஏதோ கொஞ்சம் இருக்க வேண்டும். ஆகவே வாசலுக்கு உள்ளே, சுவரில் பட்டுத் திரும்பும்படி ஒரு சிறு விளக்கு வைத்து, ஒரு நெற்குதிர் இருப்பது தெரிந்தும் தெரியாததுமாக விட்டேன். டிஜிட்டல் கேமராவில் இருட்டை இருட்டாகவே பதிவு செய்தால் நிழல்களில் புள்ளிகள் மொய்க்கும் என்பதால், சற்றே வெளிச்சமாக எடுத்து, வண்ணச் சீரமைப்பின்போது கீழிறக்கினேன். அப்படியும், புரொஜெக்டர் விளக்கு மங்கிய திரையரங்குகளில் குதிரும் சுவரும் ஒன்றாகிவிட்டன. இது எல்லா ஒளிப்பதிவாளர்களுக்கும் உள்ள துயரம்தான்.

படம் முடிந்து விநியோகத் தரப்புக்குப் போட்டுக் காட்டியபோது, அந்த ஷாட்டில் ஒன்றுமே வரவில்லையே என்று கேட்டார்கள். 'கேட் பீப்பிள்' (1942) படத்தில், ஆளில்லாத தெருவில் ஒரு பெண் அஞ்சி அஞ்சி நடக்கும் நீண்ட காட்சியின் முடிவில், சிறுத்தைதான் பாய்கிறது என்று நாம் நினைக்கும் கணத்தில் ஒரு பேருந்து சீறலோடு வந்து நிற்கும். நடையில் சேர்ந்த அச்சம்தான் அங்கே அதிர்ச்சியாக வெடிக்கிறது, வெடித்த பிறகு கை வெறுமையாகிவிடுகிறது, எங்கள் காட்சியிலோ அந்த அச்சத்தை அடுத்த காட்சிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது என்று என்னால் முடிந்தவரை எடுத்துச் சொன்னேன். வியாபாரம் வேறு என்றார்கள். அதுவும் பொய்யில்லை. வாசலில் ஆச்சியின் முகம் கிராஃபிக்ஸில் சேர்க்கப்பட்டது, பெருத்த ஓசையோடு.

முதல் நாள் மாலைக் காட்சியில் அந்த முகத்துக்கு அரங்கமே அலறியது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், சிலர் பாப்கார்ன் வாங்க எழுந்தார்கள். பெண் கேமராவைத் திரும்பிப் பார்த்த கணத்தைக் கவனித்தவர்கள் குறைவு. இரண்டரை அடி உயரத்தில் தூணோரம் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவரே எதிர் வாசலிலும் எப்படி நிற்க முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. படம் போட்ட பணத்தை எடுத்துவிட்டது.

முகமில்லாத ஆறாவது டேக் என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. புதிதாக உதவியாளர்கள் சேரும்போது அதை ஒலியில்லாமல் ஓட்டிக் காட்டுகிறேன். 50 நொடிகள் முடிந்ததும், கேமரா நகர்ந்ததா நின்றதா என்று மட்டும் கேட்பேன். போன மாதம் சேர்ந்த பெண் நின்றது என்றாள். மறுபடி ஓட்டச் சொன்னாள்.