நடுவில் ஓட்டை உள்ள கட்டில்

டாக்காவில் வயிற்றுப்போக்கு ஆராய்ச்சிக்கென்றே ஒரு மருத்துவமனை இருக்கிறது. அங்கே கட்டிலின் நடுவில் வட்டமாக ஓட்டை, கீழே ஒரு வாளி. எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்து அதற்கு ஈடாக உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கிறார்கள். காலராவில் உயிரைப் பிடித்து வைப்பது முக்கியமாக இதுதான். ஆன்டிபயாடிக் எல்லாம் அப்புறம்தான்.

1979 முதல் அங்கே வரும் நோயாளிகளில் ஒரு பகுதியினரின் மலத்தைச் சோதித்து, எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பதிவு செய்துவருகிறார்கள். இரத்தபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவிடம் ஆம்பிசிலின் தோற்றது, நாலிடிக்சிக் அமிலம் தோற்றது, பிறகு சிப்ரோஃப்ளாக்சசினும். இப்போது அசித்ரோமைசினும் ஆட்டம் காண்கிறது. படிக்கவே பயமாக இருக்கிறது.

அந்த அசித்ரோமைசினைத்தான், இரத்தம் கலக்காத சாதாரணப் பேதிக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம். இந்தியா, வங்கதேசம், கென்யா, மாலி உட்பட 7 நாடுகளில், நீர்வற்றலோ ஊட்டச்சத்துக் குறைவோ இருந்த 8,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்து பெற்ற குழந்தைகளுக்கும் பெறாத குழந்தைகளுக்கும் ஆறு மாத இறப்பு விகிதத்தில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை.

பிள்ளைக்குப் பேதி என்றால் மெடிக்கலில் முதலில் ஓஆர்எஸ் பாக்கெட் கேளுங்கள், அந்த உப்பு சர்க்கரைக் கரைசலுக்கான பொடிதான் அது. ஜிங்க் மருந்தை டாக்டர் சொல்லும் அளவில் 10 முதல் 14 நாள் கொடுங்கள். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, கண் குழி விழுந்து பிள்ளை துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.